முருகைத் தொட்டியும் கல்சியக் கருவியின் அளவும்

கல்குடாவிலும் பாசிக்குடாவிலும் அலையடங்கிய நீரில் நின்று ஆடி மகிழாத மட்டக்களப்புச் சிறார் அரியர். ஆங்கு அலையின் வேகத்தைத் தணிப்பது கடலடியிலுள்ள முருகைக்கற் பாராகும். முருகை வெறுங் கல்லன்று. சிற்றுயிர்கள் கடல்நீரிலுள்ள கல்சியத்தையும் காபனேற்றையும் கொண்டு கட்டிய வீடு. அவ்வீட்டைப் பெயர்த்துச் சூளையிலிட்டுச் சுண்ணாம்பாக்கியதும் எமது கரையோரமே. 1981 ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும், 1988 ஆம் ஆண்டில் அதற்குச் செய்யப்பெற்ற திருத்தமும் அத்தொழிலைத் தடைசெய்தன.

எம்மிடம் பயின்று, இன்று கடல்கடந்து வாழும் பழைய மாணவர் ஒருவர் தம் இல்லத்தில் 400 இலீற்றர் கடல்நீர்த் தொட்டியில் முருகை வளர்க்கின்றார். விடுமுறையில் வந்தவர், “ஐயா, பெட்டியில் 400 இலீற்றருக்கு என்று எழுதியிருந்ததை நம்பிக் கருவி வாங்கினேன். முதலாண்டு நன்றாயிருந்தது; பின்னர் முருகை நலிந்துவிட்டது” என்று வருந்தினார். கல்லூரிக் கணித ஆசிரியரின் துணையுடன் யாம் மூவரும் இருந்து கணக்கிட்டோம். அக்கணக்கையே ஈண்டு விளக்குகின்றோம்.

‘கல்சியம் றியாக்டர்’ எனப்படும் இக்கருவி, உதிர்ந்த முருகைத் துண்டுகள் நிரப்பிய ஓர் உருளைக் கலமாகும். அதனுள் தொட்டி நீரும் காபனீரொட்சைட்டு வாயுவும் செலுத்தப்படும். நீர் சற்றுப் புளிப்படைந்து துண்டுகளைக் கரைக்கும். கல்சியமும் காரத்தன்மையும் செறிந்த அந்நீர் துளித்துளியாகத் தொட்டியை அடையும். இறந்த முருகை உயிருள்ள முருகைக்கு உணவாகும் வகை இதுவே.

கருவியின் அளவைத் தொட்டியின் கொள்ளளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. ஒரே அளவான இரு தொட்டிகளுள் ஒன்றில் நான்கு முருகைகளும் மற்றதில் நாற்பதும் இருப்பின், இரண்டின் தேவையும் ஒன்றாகுமோ? ஆகவே முதலில் தேவையை அளத்தல் வேண்டும். புறத்திலிருந்து எதனையும் சேர்க்காது, நீரையும் மாற்றாது, இரண்டு நாள் இடைவிட்டு, ஒரே நேரத்தில் காரத்தன்மையைச் சோதித்தல் வேண்டும். முதல்நாள் 9 பாகையும் ஈற்றில் 7 பாகையும் காணின், நாளொன்றுக்கு 1 பாகை செலவாகின்றது. ஒரு பாகை என்பது இலீற்றருக்கு ஏறத்தாழ 17.9 மில்லிகிராம் கல்சியங் காபனேற்றாகும். எனவே 400 இலீற்றரில் நாள்தோறும் ஏறக்குறைய 7 கிராமும், ஆண்டில் ஏறக்குறைய 2.6 கிலோகிராமும் கரைதல் வேண்டும்.

கருவியினின்று வரும் நீர் 28 பாகையும் தொட்டி நீர் 8 பாகையுமாயின் மிகுதி 20 பாகை. 400 ஐ 20 ஆல் வகுக்க, நாளொன்றுக்கு 20 இலீற்றர், அஃதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 மில்லிலீற்றர் பாயவேண்டுமெனக் காண்கிறோம். முருகை வளர்வதாதலின் இதன் இருமடங்கு தரவல்ல கருவியைத் தெரிதல் நன்று.

எம் மாணவரின் பிழை இப்பொழுது புலனாயிற்று. வளர்ந்த முருகைக்குச் சிறு கருவி போதவில்லை. அவர் வாயுவைக் கூட்டினார். துண்டுகள் குழைந்து சேறாயின. தொட்டி நீரும் புளிப்பேறிற்று. மறுபுறம், மிகப் பெரிய கருவியும் தொல்லை தரும். துளி மிகக் குறைவாயின் குழாய் அடைபடும்; ஒழுங்குபடுத்தலும் அரிது. முருகை சிலவே உள்ள தொட்டிக்குக் கருவியே வேண்டா. நீரை அவ்வப்போது மாற்றுவதே போதும். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது இதற்கும் பொருந்தும்.

விடைபெறுமுன் அவர், கல்குடாக் கரையிற் கிடக்கும் முருகைத் துண்டுகளைக் கருவிக்கு எடுத்துச் செல்லலாமோ என வினவினார். ஆகாது என்றோம். சட்டம் தடுப்பது ஒருபுறமிருக்க, அத்துண்டுகளே காலப்போக்கில் மணலாகி எம் கரையை நிரப்புவன. 400 இலீற்றர்த் தொட்டிக்கே நாள்தோறும் 7 கிராம் தேவைப்படுமாயின், சூளைகள் தின்ற முருகையைக் கடல் மீண்டும் கட்ட எத்துணைக் காலம் வேண்டும்? இக்கணக்கை எம் மாணவர் ஒருமுறை செய்து பார்ப்பாராக. கடலாடச் செல்லும்போது முருகை மேல் கால் வையாதிருக்க அது அவர்க்கு நினைவூட்டும்.