காட்டு வழியில் கார்ப் பயணமா? இறங்காமல் போய் வர வழி இதோ!

பரீட்சை முடிந்தால் போதும், "அப்பா, இந்த வருஷம் யானை பார்க்கணும்" என்று பிள்ளைகள் ஆரம்பித்துவிடுவார்கள். சொந்தக் கார் இருக்கிறது. ஊட்டியிலிருந்து கூடலூர், முதுமலை, பண்டிப்பூர் வழியாக மைசூருக்கு ஓட்டிக்கொண்டு போனால் மானும் மயிலும் வழியிலேயே தென்படும். அதிர்ஷ்டம் இருந்தால் யானையும் வரும். தாராளமாகப் போய்விட்டு வாருங்கள். ஆனால் பெட்டி கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

பண்டிப்பூர் 1973-லும், முதுமலை 2007-லும் புலிகள் காப்பகங்களாயின. காட்டின் உட்பகுதிக்குச் சொந்த வண்டியை விடமாட்டார்கள். அதற்கு வனத்துறை வண்டிதான். நீங்கள் ஓட்டக்கூடியது காட்டின் ஊடே செல்லும் பொதுச் சாலையில் மட்டும். அதுவும் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை கிடையாது. பகலிலும் நடுவழியில் நிறுத்தக் கூடாது, இறங்கவே கூடாது.

"நாங்க எதுக்குங்க இறங்கப் போறோம்?" என்பீர்கள். படம் எடுக்க இறங்குகிறவர்கள் உண்டு. 2025 ஆகஸ்டில் பண்டிப்பூர் சாலையில் அப்படி இறங்கிய ஒருவரை யானை துரத்தி வீழ்த்தியது. உயிர் பிழைத்தது புண்ணியம். ஆனால் விதியை மதிக்கும் குடும்பத்தையும் இறங்க வைப்பவை இரண்டு: ஒன்று வாந்தி, மற்றொன்று சிறுநீர். "ஒரு நிமிஷம்தானே" என்று புதர் ஓரம் போவார்கள். அவ்வளவு பெரிய யானை பக்கத்துப் புதருக்குப் பின்னால் நின்றாலும் நம் கண்ணுக்குத் தெரியாது! ஆகவே வண்டியைச் சர்வீஸ் செய்வதுபோல உடம்பையும் தயார் செய்துகொள்ள வேண்டும்.

வயிற்றைப் புரட்டாமல் இருக்க

மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக ஊட்டி ஏறும் பாதையில் மட்டும் 36 கொண்டை ஊசி வளைவுகள். வண்டி திரும்புவதைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு உணர்கிறது. காருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணோ "அசையவில்லை" என்கிறது. இந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. எனவே புத்தகம், செல்போன் வேண்டாம். தொலைவில் தெரியும் மலையைப் பாருங்கள். குமட்டல் வரும் பெரியவரை முன் சீட்டில் உட்கார வையுங்கள்.

வெறும் வயிறும் ஆகாது, பூரி, பரோட்டா என்று நிரப்பிய வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். புறப்பட அரைமணி முன்பு கால் டீஸ்பூன் சுக்குத்தூளைத் தேனில் குழைத்துப் பெரியவர்கள் சாப்பிடலாம். பிள்ளைகளுக்கு ஒரு துண்டு இஞ்சி மொரப்பா. வயிற்றுப்புண் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுபவர் மட்டும் வாந்தித் தடுப்பு மாத்திரை போடவே கூடாது. அது தூக்கத்தைத் தரும்.

அடக்கவும் கூடாது, இறங்கவும் கூடாது

சித்த மருத்துவம் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது. சிறுநீர் அதில் ஒன்று, தாகமும் ஒன்று. நம் வீட்டுப் பெண்கள் வழியில் இடம் கிடைக்காதே என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். இரண்டு வேகத்தையும் சேர்த்து அடக்கினால், ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பில் அவஸ்தைதான்.

வழி இருக்கிறது. முதல் நாள் முழுக்க நன்றாகத் தண்ணீர் குடியுங்கள். காட்டுக்குள் நுழைய இரண்டு மணி நேரம் முன்புவரை வழக்கம்போல் குடிக்கலாம். பிறகு தாகம் எடுத்தால் ஒன்றிரண்டு வாய் மட்டும். கூடலூரில் எல்லோரும், "எனக்கு வரலை" என்கிற பிள்ளையும்கூட, கழிவறைக்குப் போய் வந்த பிறகே வண்டியை எடுங்கள். அடுத்தது குண்டல்பேட்டையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் காபி, டீ, இளநீர் வேண்டாம். சுக்குமல்லிக் காபியும் வேண்டாம். மல்லி நீரைப் பெருக்கும். சின்னப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் அகன்ற வாயுள்ள மூடி போட்ட டப்பா ஒன்று காரில் இருக்கட்டும். இதில் வெட்கம் என்ன?

சர்க்கரை நோயாளிகள் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அன்று எந்த நேரத்தில் போடுவது என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். தாமாக நிறுத்தக் கூடாது.

குரங்கு, உண்ணி, பாம்பு

ஜன்னல் வழியே குரங்குக்கு வாழைப்பழம் கொடுப்பது தர்மமல்ல, ஆபத்து. கடித்தாலோ பிறாண்டினாலோ காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரியில் வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காதீர்கள்.

தங்கும் இடத்தில் புல்லில் நடந்தால் முழுக்கால் சட்டை அணியுங்கள். இரவு குளிக்கும்போது தொடை இடுக்கு, அக்குள், காதின் பின்புறம் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணி மூலம் பரவுவதுதான். ஊர் திரும்பி இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், "காட்டுப் பக்கம் போய் வந்தோம்" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பாம்பு கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, 108-ஐ அழைத்து, விஷமுறிவு ஊசி உள்ள அரசு மருத்துவமனைக்குப் போங்கள். நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் சொல்கிறேன்: பாம்புக்கடிக்கும் வெறிநோய்க்கும் வைத்தியரைத் தேடி அலையும் நேரம் உயிரைக் குடிக்கும் நேரம்.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். யானை சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காமல், தூரத்திலேயே பொறுமையாகக் காத்திருங்கள். அது அதன் வீடு, போகட்டும். வயிறும் நீரும் சரியாக இருந்தால் காத்திருப்பதிலும் அவசரம் இருக்காது.