உங்களுக்குத் தெரியுமா? பழைய பேட்டரி காருக்குப் புது உயிர்

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாயின் சான்ட்ரோ உற்பத்தி தொடங்கியது. 2019-ல் அதே ஆலையிலிருந்து கோனா மின்சாரக் காரும் வந்தது. ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலை நெடுகக் கார் செய்யும் ஊர்கள்தான். கோல்ஃப் மைதானத்துக்காகப் பிறந்த பேட்டரி கார்களோ இன்று ஆலை வளாகம், வண்டலூர் பூங்கா, ஸ்ரீரங்கம் கோயில் என எங்கும் ஆட்களைச் சுமக்கின்றன. ஓடி ஓய்ந்த வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்புமுன் இவற்றைப் படியுங்கள்.

● சீட்டுக்கு அடியில் அடுப்பு
பழைய வண்டிகளில் வேகத்தைக் குறைத்தவை ரெசிஸ்டர் காயில்கள். பெடலை அழுத்த அழுத்த, காயில்கள் ஒவ்வொன்றாகச் சுற்றிலிருந்து விலகும். 36 வோல்ட் பேட்டரியில் மோட்டாருக்கு 18 வோல்ட் போதும் என்றால், மீதி 18 வோல்ட்டைக் காயில் விழுங்கிவிடும். பேட்டரி தரும் மின்சாரத்தில் சரிபாதி வெறும் சூடாகப் போகும். மெதுவாக ஓட்டினால் சார்ஜ் மிச்சம் என்ற கணக்கு இந்த வண்டிகளிடம் செல்லாது.

● நொடிக்குச் சுமார் 15,000 முறை
அந்தக் காயில்களுக்குப் பதிலாகப் பொருத்தும் மாஸ்ஃபெட் கண்ட்ரோலர் மின்சாரத்தைத் தடுத்து வைப்பதில்லை. நொடிக்குச் சுமார் 15,000 முறை அடைத்து அடைத்துத் திறக்கிறது. பாதி நேரம் திறந்திருந்தால் மோட்டாருக்குச் சராசரியாகப் பாதி வோல்ட். அந்த நிலையில் பேட்டரியிலிருந்து 100 ஆம்பியர் போனால், மோட்டாருக்குள் ஏறக்குறைய 200 ஆம்பியர் சுற்றும்! மேட்டில் வண்டி கிளம்பும்போது இழுவை கிடைப்பது இதனால்தான்.

● நான்கு போல்ட்டைப் பாருங்கள்
கண்ட்ரோலர் வாங்குமுன் மோட்டாரின் டெர்மினல்களைப் பார்க்க வேண்டும். நான்கும் ஒரே தடிமன் என்றால் பெரும்பாலும் சீரிஸ் மோட்டார். இரண்டு பெரிதும் இரண்டு சிறிதுமாக இருந்தால் ஃபீல்டு காயிலுக்குத் தனி சப்ளை உள்ள மோட்டார். ஒன்றின் கண்ட்ரோலர் மற்றதற்கு ஆகாது. சீரிஸ் மோட்டாரைக் கழற்றி வைத்து, சுமையில்லாமல் முழு வோல்ட்டில் ஓட்டவே கூடாது. வேகம் கட்டுமீறி ஏறி, ஆர்மேச்சர் வைண்டிங் பிய்ந்துவிடும்.

● கோவை, பெங்களூரு வழி
சாப்பர் எனும் மின்னணுக் கட்டுப்பாட்டுடன் லவ்பேர்டு என்ற, இருவர் அமரும் மின்சாரக் கார் 1993 டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் அறிமுகமானது. அது தயாரான ஊர்களில் கோவையும் ஒன்று. பெங்களூரின் ரேவா, எட்டு 6 வோல்ட் ஈய பேட்டரிகளோடும் டி.சி. மோட்டாரோடும் 2001-ல் வந்தது. 2007-ல் ஏ.சி. மோட்டாருக்கும் 2009-ல் லித்தியத்துக்கும் மாறியது. இன்று ஒரு பழைய பேட்டரி கார் கடக்கக்கூடிய படிகளும் இவையே.

● ‘டிக்’ சத்தத்துக்கு முன்னால்
பேட்டரியையும் கண்ட்ரோலரையும் ‘டிக்’ என்ற சத்தத்தோடு இணைப்பது கான்டாக்டர். கண்ட்ரோலருக்குள் உள்ள கப்பாசிட்டர்கள் காலியாக இருக்கும்போது கான்டாக்டர் சட்டென்று மூடினால், பாயும் மின்சாரத்தில் பொறி பறந்து முனைகள் ஒட்டிக்கொள்ளலாம். அதனால் கான்டாக்டரின் இரு முனைக்கும் குறுக்கே ஒரு சின்ன ரெசிஸ்டர் வைப்பார்கள். கப்பாசிட்டரை அது முன்கூட்டியே மெல்ல நிரப்பிவிடும். விலை சொற்பம், விட்டுவிட்டால் செலவு பெரிது. 36-லிருந்து 48 வோல்ட்டுக்குப் போகிறவர்கள் கான்டாக்டர் காயிலையும் மாற்ற வேண்டும்.

● ஒரு லக், 90 வாட்
கேபிள் முனையில் லக் சரியாகக் கிரிம்ப் ஆகாமல் ஒரே ஒரு மில்லிஓம் தடை கூடியது என்று வையுங்கள். 300 ஆம்பியர் பாயும்போது அந்த ஓர் இடத்தில் மட்டும் 90 வாட் சூடு. முதலில் இன்சுலேஷன் கறுக்கும், பிறகு பேட்டரியின் ஈய போஸ்ட் உருகும். புதுக் கண்ட்ரோலருக்குப் பழைய கேபிளே போதும் என்று நினைத்தால் இதுதான் நடக்கும். தடித்த கேபிளும் கச்சிதமான கிரிம்பிங்கும் முதல் செலவாக இருக்கட்டும்.

● 225 கிலோவா, 50 கிலோவா?
6 வோல்ட் ஈய பேட்டரி ஒன்று சுமார் 28 கிலோ. எட்டு சேர்ந்தால் 225 கிலோவை நெருங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் ஒன்றுக்கு 3.2 வோல்ட், 16 செல் சேர்த்தால் 51.2 வோல்ட். 48 வோல்ட் வண்டியில் அப்படியே பொருந்தும். 100 ஆம்பியர்–ஹவர் பேக் ஏறக்குறைய 50 கிலோதான். ஆனால் பேக்கைக் காக்கும் பி.எம்.எஸ். 100 ஆம்பியர் மட்டுமே தாங்கும் என்றால், 300 ஆம்பியர் கேட்கும் கண்ட்ரோலரோடு வண்டி மேட்டில் நின்றுவிடும். பழைய ஈய பேட்டரி சார்ஜரும் இதற்கு ஆகாது.

● அந்த செல்லுக்குப் பின்னால் ஒரு தமிழர்
திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்து, மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்தவர் ஆறுமுகம் மந்திரம். 1980-களில் ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து அவர் செய்த ஆய்வு, இரும்பு பாஸ்பேட் செல்லுக்கு வழி திறந்தது. 2019-ல் குட்இனஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

● தண்ணீருக்கும் நேரம் உண்டு
ஈய பேட்டரியே போதும் என்பவர்கள் டிஸ்டில்டு வாட்டரைச் சார்ஜ் முடிந்த பிறகு ஊற்ற வேண்டும். முன்பே நிரப்பினால் சார்ஜின்போது ஆசிட் பொங்கி வழியும். பிளேட் வெளியே தெரிந்தால் மட்டும் அது மூழ்கும் அளவு முதலில் ஊற்றலாம். போர்வெல் தண்ணீர் ஆகவே ஆகாது. தீர்ந்த பேட்டரியை 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி அங்கீகாரம் பெற்றவர்களிடமே ஒப்படையுங்கள். ஈயம் மண்ணில் சேரக் கூடாது.

● கேட்டைத் தாண்டினால் வேறு சட்டம்
ஆலைக்குள்ளோ வேறு மூடிய வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென அமைந்த வண்டியை, 1988 மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் வாகனமாகக் கொள்வதில்லை. எதிரே இருக்கும் கிடங்குக்குத்தானே என்று அதைப் பொதுச் சாலையில் இறக்கினால் அந்த விலக்கு துணைக்கு வராது. லாரிகள் விரையும் ஒரகடம் சாலையில் அந்த ஆசையே வேண்டாம்.

● பிரேக் சொல்வதே வேகம்
36 வோல்ட்டை 48 ஆக்கினால் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும். மணிக்கு 20 கிலோமீட்டர் 27 ஆனால், பிரேக் அடக்க வேண்டிய ஆற்றல் 1.8 மடங்கு. பழைய வண்டிகள் பலவற்றில் பின் சக்கரங்களுக்கு மட்டுமே டிரம் பிரேக். ஆகவே புரோகிராம் செய்யும் வசதியுள்ள கண்ட்ரோலராக வாங்கி, உச்ச வேகத்தைப் பழைய அளவிலேயே பூட்டிவையுங்கள். நழுவாத கிளம்பல், வீணாகாத சார்ஜ், ஏற்றத்தில் இழுவை என இந்தச் செலவுக்கான பலன் அத்தனையும் 20 கிலோமீட்டர் வேகத்திலேயே கிடைத்துவிடும்.