48 மில்லிமீட்டர் தண்ணீர்

எஞ்சின் இன்றிக் காற்றின் ஏற்றத்தை மட்டுமே நம்பிப் பறக்கும் கிளைடர் என்னும் சறுக்கு விமானத்தில் கருவிகள் மிகக் குறைவு. வேகமானி, உயரமானி, விமானம் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதைக் காட்டும் வேரியோமீட்டர், திசைகாட்டி, பக்கவாட்டுச் சறுக்கலைக் காட்டும் வளைந்த கண்ணாடிக் குழாயும் அதற்குள் உருளும் குண்டும் ஆகிய இவற்றோடு பழைய கிளைடர்கள் பலவற்றின் கருவிப் பலகை நிறைந்துவிடும். இந்தியாவில் எஸ். ராமாமிர்தம் முதலிய அரசுத்துறைப் பொறியாளர்கள் வடிவமைத்த அசுவினி (1958), ரோகிணி (1961), கார்த்திக் (1963) ஆகிய கிளைடர்களில் அமர்ந்துதான், இன்று முதுமையை எட்டிவிட்ட ஒரு தலைமுறை பறக்கக் கற்றது. நட்சத்திரப் பெயர் தாங்கிய அந்த விமானங்களில் எஞ்சியவை இப்போது காட்சிப் பொருளாகவோ கிடங்குச் சுமையாகவோ இருக்கின்றன. அவற்றின் கருவிகளுக்கு மீண்டும் உயிர் கொடுக்க விரும்பும் கல்லூரியோ தனிமனிதரோ சந்திக்கும் முதல் கேள்வி, இதை யாரிடம் கொடுப்பது என்பதுதான். விமானப்படைத் தளமும், பொறியியல் கல்லூரிகளும், சிறுதொழிற்பேட்டைகளும் நெருங்கிக் கிடக்கும் தாம்பரம் முதல் கிண்டி வரையிலான தென்சென்னைப் புறநகரில் அக்கேள்விக்கான விடை, கருவியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தே அமைகிறது.

முதன்மையான மூன்று கருவிகளுக்கும் மின்சாரம் தேவையில்லை. மூன்றும் காற்றழுத்த வேறுபாட்டால் இயங்குபவை. உயரமானியின் உள்ளே, அலைவரி பதித்த இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளை விளிம்பில் இணைத்துக் காற்றை வெளியேற்றி மூடிய தட்டையான டப்பி ஒன்று இருக்கும். கேப்சூல் எனப்படும் இது, விமானம் மேலே செல்லச் செல்ல வெளியழுத்தம் குறைவதால் சிறிது சிறிதாக உப்புகிறது. வேகமானியிலும் இத்தகைய டப்பியே உண்டு. ஆனால் அது மூடப்பட்டதன்று, விமானத்தின் மூக்கில் எதிர்க்காற்றை ஏற்கும் பிட்டோ குழாயோடு இணைக்கப்பட்டது. டப்பிக்குள் எதிர்க்காற்றின் அழுத்தமும், டப்பியைச் சூழ்ந்த கூட்டுக்குள் சுற்றுப்புறக் காற்றின் அழுத்தமும் இருக்க, இரண்டிற்கும் உள்ள வேறுபாடு வேகமாகக் காட்டப்படுகிறது. வேரியோமீட்டரோ ஒரு தெர்மாஸ் குடுவையோடு இணைந்தது: விமானம் ஏறும்போது குடுவையின் காற்று கருவி வழியே வெளியேறும், இறங்கும்போது உள்ளே புகும், அந்த ஓட்டமே முள்ளை அசைக்கும். சாதாரணப் புட்டிக்குப் பதிலாகத் தெர்மாஸ் குடுவையைப் பயன்படுத்துவதற்குக் காரணம், வெயிலில் காற்று சூடாகி விரிந்தால் நிலத்தில் நிற்கும் கிளைடர்கூட மேலே ஏறுவதாக முள் பொய் சொல்லும் என்பதே. டப்பியின் அசைவு ஒரு மில்லிமீட்டரின் சிறு பங்கே ஆகையால், அதை நெம்புகோல், விசிறிப் பல்சக்கரம், சிறு பல்சக்கரம், மயிரிழை போன்ற ஹேர்ஸ்பிரிங் ஆகியவற்றின் வழியே பெருக்கி முள்ளுக்குக் கொண்டுசேர்க்கிறார்கள்.

இங்கே ஈடுபடும் அழுத்தம் எவ்வளவு சிறியது என்பதை உணர்ந்தால்தான் பழுதுபார்ப்பவரைத் தேடும் வேலை தெளிவாகும். கடல்மட்டத்தில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கிளைடரின் வேகமானி அளப்பது வெறும் 48 மில்லிமீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தை. 50 கிலோமீட்டரில் அது 12 மில்லிமீட்டர்தான், 200 கிலோமீட்டரில் ஏறத்தாழ 193. கொதிகலன் மீது பொருத்தப்படும் பிரஷர் கேஜ் காட்டும் 10 பார் அழுத்தமோ 100 மீட்டருக்கும் மேற்பட்ட நீர்த்தம்பத்திற்குச் சமம். முள் அசைகிறதா என்று பார்க்க வேகமானியின் குழாயில் வாயால் ஊதிப் பார்ப்பது பலருக்கும் தோன்றும் முதல் சோதனை. ஆனால் ஊக்கமாக ஊதும் மனித வாய் அரை மீட்டருக்கு மேல் நீரை உயர்த்திவிடும், அதாவது மணிக்கு 320 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தை அந்தப் பாவப்பட்ட டப்பியின் மீது ஏற்றிவிடும். பழைய கருவிகள் பல, காலத்தால் அன்றி இப்படிப்பட்ட ஆர்வத்தாலேயே கெட்டிருக்கின்றன.

சென்னையின் காற்றும் தன் பங்கைச் செய்கிறது. கடலோர ஈரமும் உப்பும் எஃகு அச்சுகளைத் துருவேற்றுகின்றன. எண்ணெய் காலப்போக்கில் பிசினாக இறுகுகிறது. ரப்பர் குழாய்கள் வெடிக்கின்றன. திறந்து கிடக்கும் பிட்டோ குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டுகிறது. எஞ்சின் உள்ள விமானத்தில் அதன் அதிர்வே ஒட்டிக்கொண்ட முள்ளை ஓரளவு விடுவித்துவிடும். கிளைடரில் அந்த அதிர்வு கிடையாது என்பதால், உராய்வு சற்றே கூடினாலும் முள் நின்ற இடத்திலேயே நிற்கும். கிளைடர் விமானிகள் கண்ணாடியை விரலால் தட்டிவிட்டு உயரத்தைப் படிக்கும் பழக்கம் இதனால் வந்ததே.

ஹேர்ஸ்பிரிங், மாணிக்கக்கல் தாங்கி, சிறு பல்சக்கரம் ஆகியவற்றைக் கையாளும் விரல்கள் கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்களுடையவை. சாவி கொடுக்கும் கடிகாரங்களில் பழகிய மூத்த தொழிலாளர்கள் புறநகர்க் கடைத்தெருக்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களைவிட நெருங்கிய உறவு, மருத்துவமனைகளின் முள் வைத்த பி.பி. கருவிகளைச் சீர்செய்பவர்களிடம் உண்டு, ஏனெனில் அக்கருவிக்குள்ளும் இதே டப்பியும் விசிறிப் பல்சக்கரமும்தான். ஆயினும் பி.பி. கருவி அளப்பது 300 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது நான்கு மீட்டர் நீர்த்தம்பம் வரை. அங்கே பொறுத்துக்கொள்ளக்கூடிய பிழை வேகமானியில் அளவுகோலின் பெரும் பகுதியை விழுங்கிவிடும். தொழிற்பேட்டைகளில் பிரஷர் கேஜ்களை அளவுத்திருத்தம் செய்யும் கூடங்கள் பெரும்பாலும் பார் கணக்கில் பழகியவை. கிளைடருக்குப் பொருந்தும் நுண்ணளவு எதிர்பாராத வேறோரிடத்தில் இருக்கிறது. திருப்போரூரை அடுத்த ஆலத்தூர் மருந்துத் தொழிற்பேட்டை போன்ற இடங்களில், தூசியற்ற அறைகளுக்குள் வெளிக்காற்று நுழையாதபடி காக்கும் அழுத்த வேறுபாட்டை 25 அல்லது 50 மில்லிமீட்டர் நீரளவு கொண்ட கேஜ்களால் கண்காணிக்கிறார்கள்; அவற்றைக் குறித்த காலத்தில் சரிபார்த்துச் சான்று வழங்கும் அளவுத்திருத்தக் கூடத்தாரின் சோதனைக் கருவிகள் வேகமானியின் எல்லைக்குள்ளேயே இயங்குபவை. விமானத்தை ஒருபோதும் தொட்டிராத அவர்களே இத்தேடலில் மிகவும் பயன்படக்கூடியவர்கள் என்று கருத இடமுண்டு.

நுண்கருவி பழுதுபார்த்தல் இப்பகுதிக்குப் புதியதன்று. இந்திய முக்கோண நில அளவைக்காக வில்லியம் லாம்ப்டன் 1802 ஏப்ரலில் அளக்கத் தொடங்கிய சுமார் 12 கிலோமீட்டர் அடிக்கோடு, பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே, இன்றைய தென்புறநகரின் ஊடாகவே சென்றது. அவருடைய அரை டன் எடையுள்ள தியோடலைட், அதாவது கோணம் அளக்கும் பெருங்கருவி, 1808இல் தஞ்சைக் கோயிலின் மேல் ஏற்றப்படும்போது கயிறு அறுந்து மோதியதில் அதன் வட்டம் நெளிந்தது. லாம்ப்டன் கூடாரத்திற்குள் வாரக்கணக்கில் அடைந்துகிடந்து அதைத் தம் கையாலேயே நிமிர்த்தினார். அடுத்த தலைமுறையில் இப்பணி ஆர்க்காட்டைச் சேர்ந்த சையத் மீர் மொஹ்சின் உசேனிடம் வந்தது. சென்னையில் நகைக்கடை ஒன்றில் வேலை பார்த்த அவரைத் தலைமை நில அளவையாளர் வாலன்டைன் பிளாக்கர் கல்கத்தாவுக்கு அழைத்துச்சென்றார். பின்னர் ஜார்ஜ் எவரெஸ்ட்டின் கீழ் பணியாற்றி, ஐரோப்பியக் கருவியாளர் ஹென்றி பேரோ விலகிய பிறகு, அந்தப் பதவிக்கே அவர் உயர்ந்தார். பயிற்சிக்கூடம் எதுவும் உருவாக்காத அந்தக் கைத்திறனைக் கண்டுகொள்ளக்கூடிய மேலதிகாரி ஒருவர் இருந்தது மொஹ்சின் உசேனின் நல்வாய்ப்பு, நில அளவைத் துறைக்கு அதைவிடப் பெரிய வாய்ப்பு.

தாம்பரத்தின் விமானத் தொடர்பு இரண்டாம் உலகப்போரில் வலுப்பெற்றது. 1944இல் பிரிட்டிஷ் கடற்படை இங்கே எச்.எம்.எஸ். வல்லூறு என்ற பெயரில் விமானப் பராமரிப்பு நிலையம் ஒன்றை நடத்தியது. விமானப் பயிற்றுநர்களை உருவாக்கும் இந்திய விமானப்படைப் பள்ளி 1954இல் அம்பாலாவிலிருந்து தாம்பரத்துக்கு மாறியது. தொழில்நுட்பப் பிரிவு வீரர்களுக்கான இயந்திரவியல் பயிற்சி நிலையமும் இங்கேயே உள்ளது. அருகிலுள்ள குரோம்பேட்டையில் சி. ராஜம் 1949இல் நிறுவிய எம்.ஐ.டி., விமானப் பொறியியலோடு கருவியியலையும் தனிப் பாடமாகத் தொடங்கிய கல்லூரி. அப்துல் கலாம் படித்த இடம் என்பதாலேயே அது பலருக்கும் தெரியும், கருவியியல் துறைக்காக அறிந்தவர்கள் குறைவு. விமானப்படைப் பட்டறைகள் தனியார் பொருள்களை ஏற்பதில்லை. ஆயினும் அங்கே கருவித் தொழிலில் இருந்து ஓய்வுபெற்று, சேலையூரிலும் செம்பாக்கத்திலும் குடியேறியவர்களின் நினைவும் கையும் எந்தக் கையேட்டையும்விட மதிப்புடையவை. முன்னாள் படைவீரர் சங்கங்களின் வழியே அவர்களை அணுகுவதே நேரான வழி. நினைவு எவ்வளவு இருந்தாலும் உதிரிப் பாகம் இல்லாவிட்டால் வேலை நகராது. விமானப்படையே தன் பழம்பெரும் விமானங்களான டைகர் மாத்தையும் டகோட்டாவையும் பறக்கும் நிலைக்கு மீட்க பிரிட்டனில் உள்ள வல்லுநர்களை நாட வேண்டியிருந்தது என்பது இந்தக் குறையின் அளவைச் சொல்லும்.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகக் காண வேண்டும். கருவி கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கப்போகிறதா, வகுப்பறையில் இயங்கிக் காட்டப்போகிறதா, உண்மையாகவே வானில் பறக்கப்போகிறதா என்பதைப் பொறுத்துத் தேட வேண்டிய ஆளே மாறிவிடுகிறார். பறக்கும் விமானத்தில் பொருத்தவேண்டிய கருவியைச் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் கார்-145 விதிப்படி, அவ்வகைக் கருவிகளுக்கென ஒப்புதல் பெற்ற பராமரிப்பு நிறுவனமே சோதித்துச் சான்று தர வேண்டும். கடிகாரக்காரர் எவ்வளவு செம்மையாகச் சீர்செய்தாலும் அந்தத் தாள் இல்லாமல் அது வெறும் அழகுப் பொருள். ஜெர்மனியின் யுங்கிங்கன் ஊரிலுள்ள வின்டர் நிறுவனம் போல, கிளைடர் கருவிகளை இன்றும் செய்பவர்களிடம் அனுப்புவதே பல சமயம் குறுக்குவழி. வகுப்பறைத் தேவைக்கு இத்தனை கட்டுப்பாடு இல்லை. வெறும் காட்சிக்கு என்றால் திறக்காமல் விடுவதே பெரும்பாலும் சரியான பழுதுபார்ப்பு.

திறக்காமல் விடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1940களிலும் 1950களிலும் செய்யப்பட்ட கருவிகள் பலவற்றில், இருட்டில் ஒளிரும்படி முள்ளிலும் எண்களிலும் ரேடியம் கலந்த வண்ணம் பூசப்பட்டிருக்கும். வண்ணத்தில் ஒளியைத் தரும் துத்தநாக சல்பைடு சில பத்தாண்டுகளில் தேய்ந்து மங்கிவிடுகிறது. ரேடியத்தின் அரைவாழ்வுக் காலமோ சுமார் 1,600 ஆண்டுகள். எனவே இப்போது ஒளிராத டயல் ஆபத்தற்றது என்று எண்ணுவது தவறு. உதிரும் அந்தத் தூளை மூச்சில் இழுப்பதோ விரலிலிருந்து வாய்க்குக் கொண்டுசெல்வதோதான் உண்மையான அபாயம். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை போன்ற பழம்பொருள் கடைகளில் பழுப்பேறிய எண்களோடு ராணுவக் கருவி ஏதேனும் கிடைத்தால், கதிர்வீச்சு அளக்கும் கருவியால் சோதிக்கும் முன் அதைக் கழற்றவோ டயலைச் சுரண்டவோ கூடாது. கடிகாரக்காரரிடம் கொடுக்கும்போதும் இச்செய்தியைச் சொல்லியே கொடுக்க வேண்டும்.

ஆளைத் தேடிப் புறப்படும் முன் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று எஞ்சியிருக்கிறது. ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை U வடிவில் வளைத்துப் பாதி நீர் நிரப்பி, அளவுகோலோடு பலகையில் கட்டி, ஒரு முனையை ஊசியில்லாத சிரிஞ்சோடும் வேகமானியோடும் கிளைக்குழாயால் இணைத்து, இருபுற நீர்மட்டங்களின் வேறுபாடு 48 மில்லிமீட்டர் ஆகும்வரை மெல்ல அழுத்தினால் முள் 100இல் நிற்க வேண்டும். பிறகு சிரிஞ்சின் பக்கத்தைக் கிள்ளி மூடினால், முள்ளும் நீர்மட்டமும் அசையாதிருந்தால் கசிவில்லை என்று பொருள். மெல்ல இறங்கினால், குழாய்களை ஒவ்வொன்றாக மாற்றி மீண்டும் பார்க்க வேண்டும். வேரியோமீட்டரிலும் இவ்வாறே முதலில் சந்தேகிக்க வேண்டியது குடுவையின் அடைப்பானையும் இணைப்புக் குழாயையும்தான். கெட்டுப்போனதாகக் கைவிடப்பட்ட கருவிகள் சிலவற்றில் உண்மையில் கெட்டிருப்பது, எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும் ஒரு முழ ரப்பர் குழாய் மட்டுமே.