முள் சொன்ன பொய்

பண்டாரவளையிலிருந்து பதுளைக்கு இறங்கும் வீதியில் மோட்டார் வண்டி செலுத்துவோருக்குக் கண்ணுக்கு விருந்து குறைவில்லை. ஒருபுறம் தேயிலைச் சரிவு, மறுபுறம் பள்ளத்தாக்கு, தொலைவிலே நமுனுகுலை மலை. இந்த அழகிலே மனத்தைப் பறிகொடுத்தவர், தம் கண்முன் உள்ள சிறு வட்டக் கருவிகளைப் பார்க்க மறந்துவிடுவதுண்டு. நாம் சென்ற அன்று நேர்ந்ததும் அதுவே.

நண்பர் ஒருவரின் பழைய எம். ஜி. பி. ஸ்போர்ட்ஸ் காரில் சென்றுகொண்டிருந்தோம். 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் உருவான இனம் அது. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கையில் வாகன இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இருந்த வண்டிகளைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓட்டவேண்டியதாயிற்று. அக்காலத்தின் கைத்திறன் மலைநாட்டுக் கராஜ்களில் இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை.

தெமோதரையை அண்மித்தபோது நண்பர் திடுக்கிட்டார். எண்ணெய் அமுக்கமானியின் முள் பூச்சியத்திலே கிடந்தது! பண்டாரவளையில் தேநீர் அருந்திவிட்டுப் புறப்பட்டபோது அது எழுந்ததா, இல்லையா? இருவருக்கும் நினைவில்லை. உடனே வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்தினார். அளவுகோலை உருவிப் பார்த்தோம். எண்ணெய் சரியான மட்டத்தில் இருந்தது. கீழே ஒழுக்கும் இல்லை. எனினும் மீண்டும் இயக்க மனம் துணியவில்லை. லொறி ஒன்றில் கட்டி இழுத்துப் பதுளைக்குக் கொண்டுசேர்த்தோம்.

அச்சம் எதற்கு?

எஞ்சினுக்குள் கிராங்க் தண்டும் பெயாரிங்குகளும் ஒன்றையொன்று தொடாமல் சுழல்வது, இடையே உள்ள மெல்லிய எண்ணெய்ப் படலத்தினால்தான். அமுக்கம் அற்றுப்போனால் உலோகம் உலோகத்தைத் தின்னும். சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடலாம். சூடேறிய எம். ஜி. பி. ஓடும்போது சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 இறாத்தலும், நின்றபடி மெதுவாக இயங்கும்போது 10 முதல் 25 இறாத்தலும் காட்டுவது இயல்பு.

முதலில் பார்த்த ஓர் இளைஞர், “எஞ்சினைக் கழற்றத்தான் வேண்டும், ஐயா” என்றார். செலவை எண்ணி நண்பரின் முகம் வாடிற்று. அருகிலிருந்த முதிய மெக்கானிக் சிரித்தார்.

“தம்பி, வீட்டை இடிக்க முந்தி, சாட்சி சொன்னது மெய்யா என்று பார்ப்போம்.”

சாட்சியை விசாரித்த விதம்

இக்கருவியின் உள்ளே இருப்பது, 1849இல் பிரெஞ்சுக்காரரான யூஜீன் போர்டன் கண்டுபிடித்த வளைந்த குழாய். திருவிழாவிலே குழந்தைகள் ஊதும் காகிதச் சுருள் காற்றுப் புகுந்ததும் நிமிர்கிறதல்லவா? அதுபோலவே எண்ணெய் நெருக்கும்போது இக்குழாய் சற்றே நிமிர்ந்து முள்ளைத் தள்ளுகிறது. பதுளைக்குப் புகையிரதம் இழுத்துவந்த நீராவி எஞ்சின்களின் அமுக்கமானிகளிலும் இதே தத்துவந்தான். எஞ்சினிலிருந்து இக்கருவிக்கு எண்ணெயைக் கொண்டுவருவது ஒரு நுண்குழாய்.

பெரியவர் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார். பின்னர், எஞ்சினோடு நுண்குழாய் சேரும் மூட்டைத் தளர்த்தி, ஸ்டார்ட்டரால் மாத்திரம் எஞ்சினைச் சுழற்றச் செய்தார். எண்ணெய் பீறிட்டது. ஆகவே பம்ப் உயிரோடிருக்கிறது! அதன்பின் தம்மிடமிருந்த சோதனை அமுக்கமானியை அவ்விடத்திலேயே நேராகப் பொருத்தி, பிளக்குகளை மாட்டி, எஞ்சினை இயக்கினார். குளிர்ந்த எண்ணெய் தடித்திருப்பதால் கூடுதலாகக் காட்டும். எனவே நன்கு சூடேறும்வரை காத்திருந்தார். மெதுவான ஓட்டத்தில் 20. வேகம் கூட்டியபோது 60. எஞ்சின் குற்றமற்றது!

“கொஞ்ச நாளாக முள் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியிருக்குமே?” என்று கேட்டார். நண்பர் நாணத்துடன் தலையசைத்தார். நுண்குழாயைக் கழற்றி ஊதினால் காற்றுப் போகவில்லை. அதனுள் எண்ணெய் ஓடுவதில்லை, தேங்கியே நிற்கிறது. ஆண்டுக்கணக்கில் தேங்கிய எண்ணெய் கட்டிபட்டு வழியை அடைத்திருந்தது. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்து, அமுக்கக் காற்றைச் செலுத்தியதும் கரிய கசடு வெளிவந்தது. வெடிப்புக் கண்டிருந்த இறப்பர்க் குழாயையும் அவர் மாற்றினார். அது ஓடும் வழியில் அறுந்திருந்தால் எஞ்சினின் எண்ணெய் முழுவதும் வீதியிலே கொட்டியிருக்கும். அப்போது பொய் மெய்யாகியிருக்கும்.

மாணவர் கவனத்துக்கு

சோதனைக் கருவியும் குறைவாகக் காட்டியிருந்தால்? அதற்கும் பெரியவர் வரிசை வைத்திருந்தார். முதலில் எண்ணெயின் அளவு, தரம். பெற்றோல் கலந்து நீர்த்திருக்கிறதா என்ற சோதனை. அடுத்து, அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் வால்வும் அதன் சுருள்வில்லும். பின்னர் வடிகட்டியும் பம்பும். பெயாரிங்குகள் கடைசியிலேதான். எளியதிலிருந்து அரியதற்கும், மலிவானதிலிருந்து விலையுயர்ந்ததற்கும் செல்லும் வழி இது.

முள் பொய் சொன்னதென்பதால் நண்பர் வண்டியை நிறுத்தியது தவறாகிவிடுமா என்று கேட்டோம். பெரியவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “நிறுத்தினதுதான் சரி, ஐயா. முதலில் நம்பி நிறுத்த வேண்டும். பிறகுதான் சந்தேகப்பட்டுப் பார்க்க வேண்டும்.”

மாலையில் பண்டாரவளைக்கு ஏறும்போது மலையின் அழகு நம்மை மயக்கவில்லை. இருவர் கண்களும் முள்ளின் மேலேயே இருந்தன. அது 60இல் அசையாது நின்றது.