சிறு கணினியும் சரக்குப் பட்டியலும்

சிட்டைக்கும் பேரேட்டுக்கும் துணையாகக் கூட்டுறவுச் சங்கங்களில் இன்று கணினி இடம் பெற்றுவிட்டது. சுமார் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்ததை அங்கத்தினர்கள் அறிவர். கணக்குப் பணிக்குப் பெரிய கணினி வேண்டும். ஆயின், நூல் விலையையும் வாழைத்தார் விலையையும் திரையில் காட்டவும், கிடங்கின் ஈரத்தை அளந்து குறிக்கவும் உள்ளங்கையளவான ஒற்றைப் பலகைக் கணினியே போதும். இவ்வகையில் பெயர் பெற்ற ராஸ்பெர்ரி பை, 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. விலை குறைவாதலின் வாங்குதல் எளிது. பேணுதலே கருத்தில் கொள்ளத்தக்கது.

இதன் மென்பொருள்கள் தனித்தனிப் பொதிகளாக இணையக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை டெபியன் என்னும் தன்னார்வலர் கூட்டமைப்பு தொகுத்தளிப்பவை. கான்பூர் ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்கள் அவற்றின் நகல்களை வைத்து யாவருக்கும் இலவசமாக வழங்கியுள்ளன. எந்தப் பொதி, எந்தப் பதிப்பு, எவ்விடத்தில் உள்ளது என்னும் பட்டியலைக் கணினி தன்னிடம் எழுதி வைத்துக்கொள்கிறது.

நெசவாளர்க்கு இது புதிதன்று. நூல் கிடங்கின் சென்ற ஆண்டுச் சரக்குப் பட்டியலைப் பார்த்து இன்று நூல் கேட்டால், இல்லாத சரக்கையே கேட்டவராவோம். பழைய பட்டியலை வைத்துள்ள கணினியும் நீக்கப்பட்ட பொதியைத் தேடி, 'காணப்படவில்லை' என்று திரும்பும்.

'ஆப்ட் அப்டேட்' என்னும் கட்டளை பட்டியலை மட்டுமே புதுப்பிக்கும். 'ஆப்ட் ஃபுல்-அப்கிரேட்' என்பதே புதிய பொதிகளைக் கொணர்ந்து நிறுவும். முன்னதை மட்டும் செய்து பணி முடிந்ததெனக் கருதுதல், சரக்குப் பட்டியலை வாங்கிவிட்டு நூல் வந்துவிட்டதாக இருப்பில் எழுதுவதை ஒக்கும்.

இதனை அசட்டை செய்வதால் நேரும் தீங்கு சிறிதன்று. கணினியில் முழு அதிகாரத்தை அளிக்கும் 'சுடோ' என்னும் நிரலில் 2011-ஆம் ஆண்டு முதல் ஒரு குறை மறைந்திருந்தது. சாதாரணப் பயனர் எவரும் அதன் வழியே தலைமை அதிகாரத்தைக் கைப்பற்ற இயலும். 2021 ஜனவரியில் அது வெளிப்பட்டவுடன் திருத்திய பொதியும் வெளியாயிற்று. பட்டியலைப் புதுப்பித்துப் பொதியை நிறுவிய கணினிகளுக்கே அத்திருத்தம் கிட்டியது.

புதுப்பித்தல் தடைப்படுவதும் உண்டு. ராஸ்பெர்ரி பை 5-க்கு முந்தைய மாதிரிகளில் மின்சாரமின்றி ஓடும் கடிகாரம் இல்லை. அவை இணையத்திலிருந்தே நேரம் பெறுகின்றன. இணைப்பின்றி நேரம் பின்தங்கினால், புதிய பட்டியலை 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று கணினி மறுத்துவிடும். ஆதலின் முதலில் தேதியைச் சரிபார்க்க வேண்டும். மேலும், 2021 ஆகஸ்டில் டெபியனின் 11-ஆம் பதிப்பு வெளியானபோது, பழைய பதிப்பில் ஓடிய கணினிகள் பல, களஞ்சியத்தின் நிலை மாறிவிட்டதென அறிவித்து, இசைவு தரப்படும்வரை பட்டியலை ஏற்காது நின்றன. இது பழுதன்று, முன்னெச்சரிக்கையே. அறிவிப்பைப் படித்தறிந்த பின்னரே இசைவு அளித்தல் வேண்டும்.

சங்கங்கள் கைக்கொள்ளத்தக்க முறை வருமாறு:

1. மாதம் இருமுறை, குறித்த நாளில் இப்பணியைச் செய்தல்.
2. தொடங்குமுன் நினைவக அட்டைக்கு ஒரு நகல் எடுத்து, அட்டையில் போதிய இடமுண்டா எனப் பார்த்தல்.
3. பட்டியல் பிழையின்றிப் புதுப்பிக்கப்பட்ட பின்னரே பொதிகளை நிறுவுதல்.
4. இடையில் மின்சாரம் நின்றால் அட்டை கெடக்கூடுமாதலால் யு.பி.எஸ். இணைத்துச் செய்தல்.
5. செய்த நாளையும் செய்தவர் பெயரையும் பதிவேட்டில் எழுதுதல்.

ஐந்தாவதை மிகையென எண்ண வேண்டா. கணினி சங்கத்தின் உடைமை. சங்கமோ அங்கத்தினர்களின் உடைமை. இருப்பு சரிபார்த்த நாளைப் பொதுக்குழுவில் கேட்கும் உரிமை அங்கத்தினர்க்கு இருப்பது போலவே, பட்டியல் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட நாளைக் கேட்கவும் அவர்க்கு உரிமை உண்டு. அடுத்த கூட்டத்தில் அவ்வினாவை எழுப்புமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.