குட்செல் வானாய்வகப் பொது இரவுகள்

குட்செல் வானாய்வகம் என்பது ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், நார்த்பீல்டு நகரிலுள்ள கார்ல்டன் கல்லூரியின் வானாய்வகம் ஆகும். இது 1887 இல் கட்டப்பட்டது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை இரவு, வானம் தெளிவாக இருந்தால், பொதுமக்கள் இங்கு வந்து தொலைநோக்கிகளினூடாக வானத்தைக் காண்பது வழக்கம்.

வரலாறு

இக்கல்லூரியில் 1878 முதலே சிறிய வானாய்வகம் ஒன்று இயங்கியது. விண்மீன்கள் உச்சிவட்டத்தைக் கடக்கும் கணத்தை அளந்து அங்கு நேரம் கணிக்கப்பட்டது. அந்நேரம் தந்தி வழியாகத் தொடருந்து நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டது. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே தொடருந்துகள் ஓடிய அக்காலத்தில், கடிகாரப் பிழை விபத்துக்கு வழிவகுக்கக்கூடியதாக இருந்தது. புதிய வானாய்வகமும் இப்பணியைத் தொடர்ந்தது. கட்டடம் 1975 இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

தொலைநோக்கிகள்

இங்குள்ள ஒளிவிலகல் தொலைநோக்கிகளுள் ஒன்று ஆல்வன் கிளார்க் நிறுவனம் செய்த 8.25 அங்குலத் தொலைநோக்கி. மற்றொன்று ஜான் பிரசியர் செய்த 16.2 அங்குலத் தொலைநோக்கி. பின்னது முன்னதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு ஒளியைத் திரட்டும். இருளில் 7 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும் கண்மணியுடன் ஒப்பிட்டால், இது 3,400 மடங்குக்கும் அதிகமாகும்.

பார்வையாளர் காண்பவை

நிலவின் பிறைச்சுழற்சி ஏறத்தாழ 29.5 நாள். ஆகவே முதல் வெள்ளிக்கிழமையில் நிலவின் தோற்றம் மாதந்தோறும் ஒன்றாக இராது. அரைநிலவின்போது ஒளி-இருள் எல்லையில் பள்ளங்களின் நிழல்கள் நீண்டு தெளிவாகத் தெரியும். முழுநிலவின்போது நிழல்கள் மறைவதோடு, மங்கலான பொருட்களும் நிலவொளியில் அமிழ்ந்துவிடும்.

நெபுலாக்களின் வண்ணப் படங்களைக் கண்டு பழகியவர்களுக்கு முதற்பார்வை ஏமாற்றம் அளிக்கலாம். ஏறத்தாழ 1,300 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓரியன் நெபுலா, கண்ணுக்குச் சாம்பல் நிறப் புகைபோலவே பெரும்பாலும் தோன்றும். மங்கிய ஒளியில் விழித்திரையின் கோல் உயிரணுக்களே செயற்படுகின்றன. அவை நிறத்தைப் பிரித்தறிவதில்லை. ஒளிப்படக் கருவி நெடுநேரம் ஒளியைச் சேமிக்கும். கண்ணால் அது இயலாது. எனினும் படத்தில் காண்பது ஒரு பதிவு. தொலைநோக்கியில் காண்பதோ, 1,300 ஆண்டுகள் பயணித்து அக்கணம் கண்ணை வந்தடையும் அதே ஒளி.

கவனிக்க வேண்டியவை

கண் இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். கைப்பேசியின் வெளிச்சம் ஒருமுறை பட்டாலும் அப்பழக்கம் கலையும். தொலைநோக்கிக் குவிமாடங்கள் பொதுவாகச் சூடேற்றப்படுவதில்லை. உள்ளிருந்து வெப்பக்காற்று வெளியேறினால் பிம்பம் அலைபாயும் என்பதே காரணம். எனவே மினசோட்டாவின் குளிர்காலத்தில் வருவோருக்குத் தடித்த ஆடை இன்றியமையாதது.