கையோடு எடுத்துச் செல்லும் லைப்ரரி

விண்டோஸில் மிங்ஜிடபிள்யூ கம்பைலரை வைத்து சி++ நிரல் ஒன்றை உருவாக்குகிறீர்கள். உங்கள் கணினியில் நன்றாக ஓடுகிறது. இஎக்ஸ்இ கோப்பை மட்டும் இன்னொருவருக்கு அனுப்பினால், ‘லிப்எஸ்டிடிசி++-6.டிஎல்எல் இல்லை’ என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது. நிரலில் பிழை இல்லை. அது நம்பியிருக்கும் லைப்ரரி அங்கே இல்லை, அவ்வளவுதான்.

நாம் எழுதும் வரிகள் மட்டும் நிரலாகிவிடுவதில்லை. எக்செப்ஷன் எறியப்பட்டால், அழைத்த ஃபங்ஷன்களை ஒவ்வொன்றாகக் கலைத்தபடி பின்னோக்கி வர வேண்டும். 32 பிட் செயலியில் 64 பிட் எண்ணை வகுக்க வேண்டும். இவற்றுக்கான குறிமுறை, மிங்ஜிடபிள்யூவின் அடிப்படையான ஜிசிசி கம்பைலரோடு வரும் லிப்ஜிசிசியில் இருக்கிறது; ஸ்ட்ரிங்கும் ஸ்ட்ரீமும் லிப்எஸ்டிடிசி++இல் இருக்கின்றன. கம்பைலர் உள்ள கணினியில் இவை கூடவே இருப்பதால், உருவாக்கியவருக்குக் குறை தெரிவதே இல்லை.

தீர்வு லிங்கரிடம் இருக்கிறது. ‘-ஸ்டாட்டிக்-லிப்ஜிசிசி’, ‘-ஸ்டாட்டிக்-லிப்எஸ்டிடிசி++’ என்று இரண்டு ஆப்ஷன்கள் கொடுத்தால், தேவையான பகுதிகளை மட்டும் எடுத்து இஎக்ஸ்இக்குள்ளேயே வைத்துவிடும். கோப்பு சற்றுப் பெரிதாகும். இன்றைய வட்டுகளுக்கு அது ஒரு பொருட்டல்ல. சில மிங்ஜிடபிள்யூ பதிப்புகளில் அதன் பிறகும் இஎக்ஸ்இ, லிப்வின்பிதிரெட் என்ற டிஎல்எல்லைக் கேட்கும். அப்போது வெறும் ‘-ஸ்டாட்டிக்’ போதும். லிப்ஜிசிசியும் லிப்எஸ்டிடிசி++உம் ஜிபிஎல் உரிமத்தில் உள்ளவை என்றாலும், 2009இல் வந்த ரன்டைம் லைப்ரரி விதிவிலக்கு, மூலநிரலை வெளியிடாத மென்பொருளுக்குள்ளும் அவற்றைச் சேர்க்க அனுமதிக்கிறது.

லினக்ஸில் இதே சிக்கல் வேறு உருவில் வரும். ஜிசிசி 11இன் புதிய வசதியைத் தொட்ட நிரலை உபுண்டு 20.04இல் ஓட்டினால், ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.29 கிடைக்கவில்லை’ என்று நின்றுவிடும். அங்கும் லிப்எஸ்டிடிசி++ஐ உள்ளே சேர்க்கலாம். ஆனால் லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியை அப்படிச் சேர்க்காதீர்கள். கணினிப் பெயருக்கு முகவரி தேடும்போது அது வேறு லைப்ரரிகளை ஓடும் நேரத்தில் ஏற்றிக்கொள்கிறது. முழுக்க உள்ளே அடைத்தால் அந்த வேலை கெடும். பழைய லினக்ஸ் பதிப்பு ஒன்றில் தொகுத்து, ஜிலிப்சியை வெளியே விட்டுவிடுவதே நல்லது.

நிரல் பல டிஎல்எல்களாகப் பிரிந்திருந்தால் நான் இந்த வழியைப் பரிந்துரைக்க மாட்டேன். ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பிரதி வைத்துக்கொள்ளும். ஒன்றில் எறிந்த எக்செப்ஷனை மற்றொன்று பிடிக்காமல் போகலாம். ஒரே கோப்பாக இருந்தாலும், உள்ளே சேர்த்த லைப்ரரிக்குப் பாதுகாப்புத் திருத்தம் தானாக வந்து சேராது. 2002இல் இசட்லிப் லைப்ரரியில் நினைவகப் பிழை தெரியவந்தபோது, அதை உள்ளே சேர்த்திருந்த மென்பொருள்கள் ஒவ்வொன்றையும் மறுபடி உருவாக்க வேண்டியிருந்தது.

அனுப்புமுன் ‘ஆப்ஜ்டம்ப் -பி’ கட்டளையை ஓட்டி, இஎக்ஸ்இ கேட்கும் டிஎல்எல் பெயர்களைப் படித்துப் பாருங்கள். கெர்னல்32 போல விண்டோஸோடு வருபவை மட்டும் இருந்தால் தைரியமாக அனுப்பலாம்.